கண்ணும் கணினியும்

(ஹவுராவில் நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா என்றால் இலக்கியம் பேசுவதும், இசை கேட்பதும், பிள்ளைகளின் நாடகத்தைக் கண்டு மகிழ்வதும் நம் வழக்கம். அத்தகைய மேடையில் கண்வலியைப் பற்றிப் பேச வருவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணையும் எழுத்தையும் வாழ்கின்ற உயிர்களுக்கு இரு கண்கள் என்றார் திருவள்ளுவர். அந்த எண்ணையும் எழுத்தையும் நாள் முழுதும் ஒளிரும் திரையில் பார்த்துப் பார்த்து, முகத்திலிருக்கும் இரு கண்களையே களைப்புறச் செய்யும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். ஆதலின் இப்பொருள் இம்மேடைக்குப் புறம்பானதன்று.

இன்னும் ஒரு காரணமும் உண்டு. தெற்கிலிருந்து ஹூக்ளிக் கரைக்கு வந்த நம் முன்னோருள் பெரும்பாலோர் நிலம் வாங்க வந்தவரல்லர்; பெருங்கடை விரிக்க வந்தவருமல்லர். கும்பகோணத்திலும் பாலக்காட்டிலும் திருநெல்வேலியிலும் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, லோயர், ஹையர் என்னும் தேர்வுகளில் தேறி, ஒரு டிரங்குப் பெட்டியுடன் ஹவுரா நிலையத்தில் வந்து இறங்கியவர்கள் பலர். இருப்புப்பாதை அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் கணக்கராகவும், எழுத்தராகவும், சுருக்கெழுத்தாளராகவும் அமர்ந்து குடும்பத்தை நிலைநிறுத்தினர். அவர்கள் கொண்டுவந்த முதல் கண்ணும் கையுமே. இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் கணினியின் முன் அமர்கின்றனர். தொழிலின் பெயர் மாறிற்று, முதல் மாறவில்லை. முதலைக் காக்காத வணிகன் நெடுநாள் நிலைத்தல் அரிது.

கணினி என்பது இந்நகரத்திற்குப் புதியதன்று. 1950களின் நடுவிலேயே, பேராசிரியர் மகலனோபிஸ் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் எண்முறைக் கணினி வந்து சேர்ந்தது. நம் நாட்டில் இடம்பெற்ற முதல் எண்முறைக் கணினி அதுவே என்பர். 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கல்கத்தாவில் கணினியை நிறுவ முற்பட்டபோது, வேலை பறிபோகுமோ என்று அஞ்சி ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தனர். வயிற்றுக்குத் தீங்கு வரும் என்பதே அன்றைய அச்சம். கண்ணுக்கு என்ன நேரும் என்னும் வினா எழவில்லை. எழுவதற்கு இடமுமில்லை. அக்காலத்துப் பொறிகளில் துளையிட்ட அட்டைகளைச் செலுத்தி, அச்சிட்ட தாள்களில் விடை பெறுவதே வழக்கம். மேசைதோறும் திரை வந்தது பின்னர்தான். 1980களின் பிற்பகுதியில் இருப்புப்பாதை முன்பதிவு கணினிவழியாயிற்று, வங்கிகள் தொடர்ந்தன, பின்னர் வீடுகளும், இப்போது ஒவ்வொருவர் சட்டைப்பையும் திரைக்கு இருப்பிடமாகிவிட்டன.

பழைய தட்டச்சாளரும் எட்டு மணி நேரம் எழுத்தோடு போராடியவர்தாம். அவருக்குக் கண் இளைக்கவில்லையா? இளைத்தது, ஆயினும் அந்தப் பொறி அவரை அறியாமலே அவருக்கு ஓய்வு தந்துகொண்டிருந்தது. வரி முடியுமுன் சிறுமணி ஒலிக்கும். கையை நீட்டி உருளையைத் தள்ளவேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, இடையே கரித்தாள் வைத்து, புதுத்தாள் பொருத்தவேண்டும். கோப்பு வேண்டுமானால் எழுந்து அலமாரிக்கு நடக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் கண் எழுத்தை விட்டு வேறிடம் நோக்கியது. இமை தன் போக்கில் இமைத்தது. கணினியில் வரி தானே மடங்குகிறது. பக்கம் தானே புரள்கிறது. கோப்பு விரல்நுனியில் வந்து நிற்கிறது. வேலையில் இயல்பாய் அமைந்திருந்த ஓய்வுகளையெல்லாம் பொறி தின்றுவிட்டது. கண்ணின் இன்றைய துன்பங்களுக்குப் பெருங்காரணம் இதுவே என்பது நம் கருத்து. இழந்த அவ்வோய்வுகளை நாமே முயன்று மீட்டுக்கொள்ள வேண்டும் என்பதே இவ்வுரையின் சாரம்.

கண்ணைக் கூர்ந்து செய்யும் தொழிலால் வரும் இளைப்பைப் பண்டே அறிந்தவர் உண்டு. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி என்பார், தொழிலாளர்க்கு வரும் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நுண்வேலை செய்வோரின் பார்வை தளர்வதை அதில் எடுத்துரைத்து, அவர்கள் கண்ணாடி அணிவதோடு, இடையிடையே வேலையை விட்டுக் கண்களை வேறு பொருள்கள்மேல் செலுத்தி இளைப்பாற வேண்டும் என்றும் அறிவுரை கூறினார். முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அவ்வறிவுரையினும் சிறந்ததொன்றை இன்றைய மருத்துவம் கண்டுபிடித்துவிடவில்லை. ஆனால் அது ஏன் பயன் தருகிறது என்பதை இன்று தெளிவாக அறிந்துள்ளோம்.

முதற்கண் இமையை எடுத்துக்கொள்வோம். கண்ணை இமை காப்பதுபோல் என்று நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். இமை எவ்வாறு காக்கிறது? தூசி விழாமல் தடுப்பது ஒரு காவல். ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் கருவிழியின்மேல் கண்ணீரை மெல்லியதொரு படலமாகப் பரப்புவது மற்றொரு காவல். இப்படலத்தில் நீர் மட்டும் இல்லை. கண்ணோடு ஒட்டிநிற்கும் வழவழப்பான கூறு அடியிலும், நீர் இடையிலும், அந்நீர் விரைந்து ஆவியாகாமல் காக்கும் எண்ணெய் மேலும் அமைந்துள்ளன. எண்ணெயைச் சுரப்பவை இமை விளிம்பில் வரிசையாக உள்ள நுண்ணிய சுரப்பிகள். இமை நன்றாக மூடினால்தான் அவை பிழியப்பட்டு எண்ணெய் வெளிவரும். இமைத்தல் குறைந்தால் படலம் ஆங்காங்கே கிழிந்து கண் உலர்கிறது, எரிகிறது, மணல் விழுந்தாற்போல் உறுத்துகிறது, எழுத்தும் மங்குகிறது. உலர்ந்த கண் சிலவேளை தாரை தாரையாக நீர் வடிப்பதும் உண்டு. அதுகண்டு, நம் கண்ணில் நீருக்குக் குறைவில்லை என்று மயங்குதல் கூடாது. உறுத்தலைத் தாங்காமல் கண் வடிக்கும் நீர் அது.

திரையைப் பார்க்கும்போது இமைத்தல் எவ்வளவு குறைகிறது என்பதை ஜப்பானிய மருத்துவர்களான சுபோட்டா, நாக்காமோரி ஆகிய இருவர் கணக்கிட்டு 1993இல் வெளியிட்டனர். அலுவலக ஊழியர் 104 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். ஓய்வாக இருக்கையில் நிமிடத்திற்குச் சராசரியாக 22 முறை இமைத்தவர்கள், நூல் படிக்கையில் 10 முறையும், கணினித் திரையில் எழுத்தைப் பார்க்கையில் 7 முறையும் மட்டுமே இமைத்தனர். மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த இக்காவலை எண்ணிப் பாருங்கள். நூலை நாம் தாழ நோக்கிப் படிக்கிறோம். மேலிமை பாதி கவிந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கும். திரையையோ நேராக நோக்குகிறோம். கண் அகலத் திறந்து, காற்றுபடும் பரப்பு பெரிதாகிறது. இமைத்தலும் குறைந்து, திறப்பும் மிகுந்தால் கண் உலர்வதில் வியப்பென்ன?

ஆகவே முதல் மருந்து காசில்லா மருந்து. இமைத்தலை நினைவோடு செய்யவேண்டும். ஒரு மின்னஞ்சலை அனுப்பியவுடன், ஒரு கணக்கை முடித்தவுடன், தொலைபேசி மணி ஒலித்தவுடன் என, ஏதேனும் ஒரு செயலை அடையாளமாக வைத்துக்கொண்டு, கண்களை மெல்ல மூடி, ஒரு நொடி நிறுத்தி, பின் திறக்கவேண்டும். இவ்வாறு நாலைந்து முறை செய்தால் போதும். அரைகுறையாகச் சிமிட்டுவதால் பயன் குறைவு. மேலிமை கீழிமையைத் தொடவேண்டும். பழைய தட்டச்சுப் பொறியின் மணியை நாமே நம் மனத்தில் அடித்துக்கொள்வது போன்றது இது.

இனி, இரண்டாவதாக, கண்ணின் உள்ளே நிகழ்வதைக் காண்போம். தொலைவிலுள்ள பொருளை நோக்கும்போது நலமான கண் இளைப்பாறிய நிலையில் இருக்கிறது. அருகிலுள்ளதைப் பார்க்கவேண்டுமாயின், கண்ணுக்குள் வில்லையைச் சூழ்ந்துள்ள தசை சுருங்கி, வில்லையைப் பருக்கச் செய்யவேண்டும். அதேவேளை, இரு விழிகளையும் மூக்கின் பக்கம் திருப்பி ஒரே புள்ளியில் நிறுத்தும் தசைகளும் உழைக்கவேண்டும். கையை நீட்டி ஒரு செம்பு நீரைத் தாங்கி நிற்பது எளிது. ஐந்து நிமிடம் அவ்வாறே நில் என்றால் தோள் நடுங்கும். திரையின்முன் நம் கண் தசைகள் மணிக்கணக்கில் அந்தச் செம்பைத் தாங்கி நிற்கின்றன. மாலையில் தலைமுன் வலியும், தொலைவில் வரும் பேருந்தின் எண் சற்றே மங்கித் தெரிவதும் இதனாலேயே.

இத்தசைகளுக்கு ஓய்வு தருவது தொலைநோக்கு ஒன்றே. இருபது நிமிடத்திற்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பாலுள்ள பொருளை, இருபது நொடி நோக்குக என்று கண்மருத்துவர் பலரும் கூறுவதைக் கேட்டிருப்பீர்கள். நினைவில் நிற்பதற்காக அமைந்த எளிய விதி அது. இருபது என்னும் எண்ணில் மந்திரம் ஏதுமில்லை. இருபது நொடி எல்லார்க்கும் போதுமானது என்று ஆய்வுகள் ஒருமுகமாகக் கூறவுமில்லை. ஒரு மணிக்கு ஒருமுறை எழுந்து ஐந்து நிமிடம் நடந்துவருவதையும் அதனோடு சேர்த்துக்கொண்டால் கண்ணோடு கழுத்தும் முதுகும் வாழ்த்தும். குடிநீர்ப் புட்டியை மேசைமேல் வைக்காமல் சற்றுத் தொலைவில் வைத்தால் எழாமல் இருக்க இயலாது. ஓய்வு என்று சொல்லிக் கணினியை விட்டுக் கைப்பேசியை எடுப்பதோ, ஒரு கைச்சுமையை இறக்கி மறு கையில் ஏற்றுவது போன்றதே.

ஹவுராவில் வாழ்வோர்க்குத் தொலைநோக்குக்குக் குறைவில்லை. படகுத்துறையிலிருந்து அக்கரைக்குச் செல்லும் சில நிமிடங்களில் ஆற்றின் அகலம் முழுதும் கண்முன் விரிகிறது. 1943இல் திறக்கப்பெற்ற பாலம், நட்ட நடு ஆற்றில் ஒரு தூணுமின்றி வானளாவி நிற்கிறது. இதனைக் காண உலகின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். நாமோ படகில் நின்றுகொண்டு, தலையைக் குனிந்து, உள்ளங்கையளவுத் திரையைப் பார்க்கிறோம். 2024 மார்ச்சில் ஆற்றின் அடியே மெட்ரோ ஓடத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஹவுரா மைதானத்திலிருந்து சால்ட் லேக் செக்டர் ஐந்து வரை ஒரே தடமாயிற்று. கணினி நிறுவனங்களுக்குச் செல்லும் நம் இளைஞர்க்குப் பெருநன்மை இது. ஆயினும் சுரங்கத்தில் தொலைவில் நோக்க ஏதுமில்லை; அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் அந்நேரமும் கைப்பேசிக்கே போகிறது. அவர்களுக்கு ஒரு சொல்: பயணத்தில் கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேளுங்கள். காதுக்கும் இன்பம், கண்ணுக்கும் ஓய்வு.

மூன்றாவது, இருக்கையும் ஒளியும். திரை கண்ணிலிருந்து ஏறக்குறைய ஒரு கை நீளத்தில், 20 அங்குலத்திற்குக் குறையாத தொலைவில் இருத்தல் வேண்டும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ அமைய வேண்டும். அப்போது பார்வை இயல்பாகத் தாழும். மேலிமை கவிந்து கண்ணின் ஈரத்தைக் காக்கும். தாளைப் பார்த்து எழுதுவோர் அத்தாளை மேசைமேல் படுக்கவைக்காமல், திரையின் அருகே அதே உயரத்தில் ஒரு தாங்கியில் நிறுத்தவேண்டும். விசைகளைப் பாராமலே தட்டக் கற்ற பழைய தட்டச்சாளரின் பயிற்சி இங்குப் பெரிதும் உதவும். அவர் கண் தாளில் மட்டுமே நின்றது. நம் இளைஞர் கண்ணோ தாளுக்கும், திரைக்கும், விசைப்பலகைக்கும் அலைந்து அலைந்து சலிக்கிறது.

சாளரம் திரைக்குப் பின்னாலிருந்தால் கண் கூசும். நம் முதுகுக்குப் பின்னாலிருந்தால் திரையில் ஒளி தெறிக்கும். பக்கவாட்டில் இருப்பதே நன்று. ஹவுராவின் குறுகிய சந்துகளில் உள்ள வீடுகளில் பகலிலும் இருள் மண்டியிருக்கும். விளக்கை அணைத்துவிட்டு இருட்டறையில் ஒளிரும் திரையைப் பார்ப்பது பலர்க்குப் பழக்கம். அறையும் திரையும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியுடன் இருந்தால்தான் கண்ணுக்கு இதம். திரையில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: அது விளக்கைப்போல் ஒளிவீசினால் திரையின் ஒளி மிகுதி, அழுக்குச் சுவர்போல் மங்கித் தெரிந்தால் ஒளி குறைவு. மின்விசிறியும் குளிரூட்டியும் முகத்தில் நேரே வீசாதவாறு பார்த்துக்கொள்க. மார்கழி, தை மாதங்களில் இவ்வூரின் உலர்காற்றும் புகையும் சேர்ந்து கண்ணை மேலும் வாட்டும் என்பதையும் நினைவிற் கொள்க.

எழுத்தின் அளவும் கருதத்தக்கது. ஓலைச்சுவடிக் காலத்தில், எழுத்தாணியால் கீறிய எழுத்து கண்ணுக்கு எளிதில் புலனாகாமையின், கரியும் பச்சிலைச் சாறும் தடவி எழுத்தைக் கருமையாக்கினர். அதனை மையாடுதல் என்றனர். படிப்பவன் கண்ணுக்கு இரங்கிய நாகரிகம் நம்முடையது. அவ்விரக்கத்தை நாமே நம் கண்ணுக்குக் காட்டவேண்டாமா? வெளிர்ந்த பின்புலத்தில் சாம்பல்நிற எழுத்தை வைத்துக்கொண்டு இடர்ப்படுவதை விட்டு, கறுத்த எழுத்தைத் தேர்ந்துகொள்க. தமிழெழுத்தைச் சற்றுப் பெரிதாகவே வைத்தல் நன்று. ஒரு புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். அப்புள்ளியைத் தேடிக் கண் சுருக்குவது வீண் உழைப்பு.

நான்காவது, கண்ணாடி. நாற்பதைக் கடந்தவர்க்கு வெள்ளெழுத்து வருவது இயற்கை. வில்லை தன் நெகிழ்ச்சியை இழப்பதால் நேர்வது அது. அவர்கள் நூல் படிக்கும் கண்ணாடியுடன் கணினிமுன் அமர்கின்றனர். நூல் இருப்பது பதினைந்து பதினாறு அங்குலத்தில். திரை இருப்பது இரண்டடியில். அக்கண்ணாடி இதற்குப் பொருந்துமா? இருகூறுக் கண்ணாடி அணிந்தோர் கீழ்க்கூறின் வழியாகத் திரையைப் பார்க்க முகவாயை மேலே தூக்கித் தூக்கிக் கழுத்துவலி தேடிக்கொள்கின்றனர். மருத்துவரிடம் செல்லுமுன், உங்கள் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தொலைவை ஓர் அளவுநாடாவால் அளந்து, தாளில் குறித்துக்கொண்டு செல்லுங்கள். அந்தத் தொலைவுக்கென்றே கண்ணாடி அமைத்துத் தருவர். இளைஞரும், சிறிதளவு பார்வைக் குறைதானே என்று கண்ணாடியைப் பெட்டியில் வைத்துவிடுதல் கூடாது. வீதியில் நடக்கத் தடையில்லாத சிறு குறையும் எட்டு மணி நேரத் திரைவேலையில் தலைவலியாக வெளிப்படும்.

இங்கே சில போலி மருந்துகளைப் பற்றி எச்சரிக்கை செய்வது நம் கடமை. திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைக் கெடுக்கிறது என்றும், அதனைத் தடுக்கும் கண்ணாடி வாங்கினால் இளைப்பு நீங்கும் என்றும் கடைதோறும் சொல்லி விற்கின்றனர். 17 ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிய காக்ரேன் மதிப்பாய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. நீல ஒளியை வடிக்கும் கண்ணாடிகள், சாதாரணக் கண்ணாடிகளைவிடக் கண்ணின் இளைப்பைக் குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்பது அதன் முடிவு. பகலில் வெளியே நின்றால் ஞாயிற்றிடமிருந்து பெறும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரையின் ஒளி மிகச் சிறிது. அப்பணத்தை முறையான கண் பரிசோதனைக்குச் செலவிடுவது மேல்.

அதனினும் கொடியது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்ளும் சொட்டுமருந்து. சிவப்பை நீக்கும் சில மருந்துகள் அப்போதைக்குக் கண்ணை வெண்மையாக்கும். தொடர்ந்து பயன்படுத்தினால் சிவப்பு முன்னினும் மிகுந்து திரும்பும். ஸ்டீராய்டு கலந்த மருந்துகளோ, மருத்துவர் மேற்பார்வையின்றி நெடுநாள் ஊற்றினால், கண்ணின் அழுத்தத்தைக் கூட்டிப் பார்வை நரம்பையே அழிக்கவும், கண்புரையை உண்டாக்கவும் வல்லவை. கண் உலர்ச்சிக்குச் செயற்கைக் கண்ணீர் என்னும் சொட்டுமருந்து உண்டு. அடிக்கடி ஊற்றவேண்டியவர், கெடாமற் காக்கும் வேதிப்பொருள் சேராத வகையை மருத்துவரிடம் கேட்டுப் பெறலாம். தாய்ப்பால், தேன், விளக்கெண்ணெய் முதலியவற்றைக் கண்ணில் விடும் நாட்டுவழக்கத்தை அறவே விடவேண்டும். அவற்றால் கிருமி புகுந்து கருவிழியில் புண் உண்டாகலாம். நந்தியாவட்டைப் பூவை மூடிய இமைமேல் வைத்துக்கொண்டு சிறிது நேரம் படுத்திருக்கும் பாட்டிமார் வழக்கத்தில் குற்றமில்லை. கண் மூடிக் கிடந்த அந்த ஓய்வே நற்பயன். சாற்றைப் பிழிந்து கண்ணில் விடுதல்தான் தகாது. வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியை மூடிய இமைமேல் ஐந்து பத்து நிமிடம் வைத்தால், இமைச் சுரப்பிகளின் எண்ணெய் இளகும். இது மருத்துவரும் ஒப்பிய முறை.

கணினி கண்ணைக் குருடாக்கிவிடுமோ என்று அஞ்சும் தாய்மார் பலர். அஞ்சவேண்டா. இதுகாறும் கூறிய இளைப்பு துன்பந்தருவதே ஆயினும், வளர்ந்தவர் கண்ணை நிலையாகக் கெடுப்பதற்குச் சான்றில்லை. அச்சத்திற்கு உரியது வேறொன்று. பார்வை மங்கினால், தலை வலித்தால், எல்லாம் கணினியால் வந்தது என்று கூறி வாளா இருந்துவிடுகிறோம். அந்தப் போர்வைக்குள் வேறு நோய் மறைந்திருக்கக் கூடும். நீரிழிவு விழித்திரையின் குருதிக் குழாய்களைத் தாக்குகிறது. தொடக்கத்தில் வலியுமில்லை, மங்கலுமில்லை. கண்நீர் அழுத்த நோய் பக்கப் பார்வையை ஓசையின்றித் திருடுகிறது; போன பார்வை மீளாது. இட்டிலியும் சோறும் இனிப்பும் உண்டு, நாற்காலியை விட்டு எழாமல் வாழும் நம்மவரிடையே நீரிழிவு அரிதன்று என்பதை நீங்களே அறிவீர்கள்.

ஆதலின் நாற்பதைக் கடந்தவர் கண்ணழுத்தத்தையும் பார்வை நரம்பையும் மருத்துவர் குறிக்கும் கால இடைவெளியில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளோர் ஆண்டுக்கு ஒருமுறையேனும், பாவையை விரிக்கும் மருந்திட்டு விழித்திரையைக் காட்டிக்கொள்ள வேண்டும். திடீரெனப் பார்வை குறைதல், கண்முன் மின்னல்போல் ஒளி பளிச்சிடுதல், கரும்புள்ளிகள் கூட்டமாய் மிதத்தல், திரை விழுந்தாற்போல் ஒருபுறம் மறைதல், கடுந்தலைவலியோடும் வாந்தியோடும் விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரிதல், ஒன்று இரண்டாகத் தோன்றுதல் ஆகிய இவற்றுள் எதுவரினும் அன்றே மருத்துவரை நாடுக. மருத்துவ வசதிக்கு இங்கே குறைவில்லை. 1835இல் தோன்றிய கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் கண்ணுக்கெனத் தனி நிலையம் உண்டு. சென்னையில் 1978இல் டாக்டர் பத்ரிநாத் நிறுவிய சங்கர நேத்ராலயா கொல்கத்தாவிலும் கிளை விரித்துள்ளது. கண்கெட்ட பின்னர்ச் சூரிய வணக்கம் செய்து என்ன பயன்?

இனிக் குழந்தைகள். அவர்கள் கண் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது. நெடுநேரம் அருகிலேயே நோக்கி, வெளியே செல்லாத குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை மிகுதியாக வருகிறது. சீனத்தின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விளையாட வகைசெய்து, மூன்றாண்டுகள் கவனித்தனர். 2015இல் வெளியான முடிவின்படி, அவ்வாறு விளையாடிய பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினர்க்கும், ஏனைய பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினர்க்கும் புதிதாகக் கிட்டப்பார்வை ஏற்பட்டது. நாற்பது நிமிடப் பகலொளிக்கு இத்துணை ஆற்றல் உண்டெனில், இரண்டு மணி நேர விளையாட்டை மறுப்பானேன்? சிவ்பூரில் 1787இல் அமைந்த தாவரவியல் பூங்காவும், அதன் பெரிய ஆலமரமும் நமக்கு அண்மையில் உள்ளன. ஞாயிறுதோறும் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லுங்கள். விழுதுகளை எண்ணச் சொல்லுங்கள். தமிழில் எண்ணச் சொல்லுங்கள். எண்ணும் கற்பர், கண்ணும் தெளியும்.

இவையெல்லாம் தனியொருவர் செய்யத்தக்கவை. ஆயின், அயல்நாட்டுப் பகலுக்கேற்ப இரவெல்லாம் விழித்து உழைக்கும் இளைஞனிடம் போய், இருபது நிமிடத்திற்கு ஒருமுறை எழுக என்றால், மேலாளர் முகத்தை அவன் நினைத்துக்கொள்கிறான். எழுந்தால் சோம்பல் என்பர் என்று அஞ்சுகிறான். வாடகையும் கடனும் ஊருக்கு அனுப்பும் பணமும் அவனை நாற்காலியோடு கட்டிவைத்துள்ளன. வேலை கொடுப்போர்க்கும் நாம் சொல்லவேண்டியது உண்டு. களைத்த கண் பிழை செய்யும். பிழையைத் திருத்த ஆகும் நேரம் ஓய்வுக்கு ஆகும் நேரத்தினும் பெரிது. இம்மேடையின்முன் அமர்ந்திருப்போருள் பதவியில் உயர்ந்த பெரியோர் பலர் உள்ளீர்கள். உங்கள்கீழ்ப் பணிபுரிவோர் சாளரத்தின் அருகே நின்று ஒரு நிமிடம் வானத்தைப் பார்த்தால், அதனை வேலைக்குச் செய்யும் துரோகமாகக் கருதாதீர்கள் என்று பணிவுடன் வேண்டுகிறோம்.

நம் சங்கமும் மூன்று செயல்களை மேற்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒருமுறை கண்மருத்துவரை அழைத்து, உறுப்பினர்க்கும் அண்டை அயலில் வாழும் வங்காளத் தோழர்க்கும் பொதுவாகக் கண் பரிசோதனை முகாம் நடத்தலாம். திரைவழியாகத் தமிழ் கற்கும் நம் பிள்ளைகளின் வகுப்பில், பாதி வேளையில் கருவியை மூடிவைத்து, வாய்மொழியாகக் கதை சொல்லும் பழக்கத்தைத் தொடங்கலாம். கண்ணாடி வாங்க இயலாத முதியோர்க்கு உதவ ஒரு சிறு நிதி திரட்டலாம். மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று உலகம் வியக்கும் பணியாக வளர்ந்துள்ளது. சிறிதாகத் தொடங்குவதற்கு நாம் நாணவேண்டியதில்லை.

சொன்னவற்றைத் தொகுத்துக் கூறி அமைகிறோம். நிறைவாக இமையுங்கள். அடிக்கடி தொலைவில் நோக்குங்கள். திரையைத் தாழவும் தள்ளியும் வையுங்கள். பொருந்தும் கண்ணாடி அணியுங்கள். தாமே மருந்து வாங்கி ஊற்றாதீர்கள். குறை நீடித்தால் கணினியின்மேல் பழிபோட்டுக் காலம் கடத்தாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். பிள்ளைகளைப் பகலொளியில் விளையாட விடுங்கள்.

இமை கண்ணைக் காக்கிறது. அவ்விமைக்கு வேலை செய்ய ஒரு நொடி இடங்கொடுப்பது நம் பொறுப்பு. எண்ணும் எழுத்தும் நமக்குச் சோறிட்டன; இன்னும் இடும். அவற்றைக் காணும் கண்கள் நெடுங்காலம் ஒளியுடன் விளங்குக. சங்கம் வளர்க.